மாருதி 800 மகிழுந்துப் பராமரிப்பு (கடலோரப் பகுதிகள்)

மாருதி 800 மகிழுந்துப் பராமரிப்பு என்பது, 1983 முதல் 2014 வரை இந்தியாவில் உற்பத்தி செய்யப்பட்ட மாருதி 800 என்னும் சிறிய மகிழுந்தை அதன் உரிமையாளர் தம் கையாலேயே பேணுவதற்கும் சிறு பழுதுகளை நீக்குவதற்கும் உரிய முறைகளைக் குறிக்கும். உற்பத்தி நின்ற பின்னரும் இவ்வகை வண்டிகள் தமிழகச் சாலைகளில் ஓடுகின்றன. அமைப்பில் எளிமையானதாலும் உதிரிப்பாகங்கள் பரவலாகக் கிடைப்பதாலும் வீட்டுப் பராமரிப்புக்கு இது ஏற்ற வண்டியாகும்.

செங்கல்பட்டு மாவட்டத்தின் சிறுசேரி, கேளம்பாக்கம், கோவளம், மாமல்லபுரம் போன்ற கடலோரப் பகுதிகளில் இப்பராமரிப்பு உள்நாட்டு ஊர்களினின்றும் வேறுபடுகிறது. இங்கு பழைய வண்டியின் ஆயுளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பொறியின் தேய்மானம் அன்று. உப்புக்காற்றாலும் தேங்கும் ஈரத்தாலும் உடற்பகுதியில் ஏற்படும் துருவே ஆகும். பொறியைப் பிரித்துச் சீரமைக்கவோ மாற்றவோ இயலும். அடித்தளம் துருவால் உளுத்துப்போன வண்டியை மீட்பது கடினம்.

வரலாறு

மாருதி உத்யோக் நிறுவனம் 1981ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. சப்பானின் சுசூக்கி நிறுவனத்துடன் இணைந்து குர்கானில் உருவாக்கப்பட்ட முதல் மாருதி 800, 1983 திசம்பர் 14 அன்று அப்போதைய பிரதமர் இந்திரா காந்தியால் வாடிக்கையாளரிடம் வழங்கப்பட்டது. 1986இல் உடலமைப்பு மாற்றப்பட்டது. 2000ஆம் ஆண்டளவில், கார்புரேட்டர் எனப்படும் எரிகலப்பிக்கு மாற்றாக எம்.பி.எஃப்.ஐ எனப்படும் எரிபொருள் உட்செலுத்து முறை அறிமுகமானது. மாசுக் கட்டுப்பாட்டு விதிகளின் காரணமாக 2010 ஏப்ரல் முதல் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் இதன் விற்பனை நிறுத்தப்பட்டது. 2014 சனவரியில் உற்பத்தி முடிவுற்றது.

செங்கல்பட்டு வட்டாரத்துக்கும் சிறிய மகிழுந்து வரலாற்றில் இடம் உண்டு. வண்டலூர் அருகே இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தில் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வண்டிகள் உற்பத்தி செய்யப்பட்டன. 1980களின் இறுதியில் அந்நிறுவனத்தின் உற்பத்தி நின்றபின், அவ்வண்டிகளை வைத்திருந்தோர் உதிரிப்பாகங்களுக்கு அல்லலுற நேர்ந்தது. 25 இலட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் விற்பனையான மாருதி 800க்கு அந்நிலை இதுவரை ஏற்படவில்லை. எண்ணிக்கை மிகுந்த வண்டியே பழைமையடைந்த பின்னும் எளிதில் பேணத்தக்கது என்பதற்கு இவ்விரு வண்டிகளும் எடுத்துக்காட்டுகளாகும்.

வண்டியின் அமைப்பு

மாருதி 800 சுமார் 650 கிலோகிராம் எடையுடையது. முன்புறத்தில் குறுக்காகப் பொருத்தப்பட்ட 796 கன செ.மீ. கொள்ளளவுள்ள மூன்று உருளைப் பெட்ரோல் பொறி முன்சக்கரங்களை இயக்குகிறது. உருளைகள் 1-3-2 என்னும் வரிசையில் எரிகின்றன. பொறி நீரால் குளிர்விக்கப்படுகிறது. ரேடியேட்டரின் விசிறி மின்சாரத்தால் சுழல்கிறது. கிளட்ச், கைப்பிரேக்கு, ஆக்சிலேட்டர் ஆகியவை எஃகுக் கம்பி வடங்களால் இயக்கப்படுகின்றன.

இவ்வண்டிக்குச் சரக்குந்துகளில் உள்ளதுபோல் தனிச்சட்டகம் கிடையாது. தகடுகளை மடித்துப் பற்றவைத்து உருவாக்கிய உடலே சட்டகமாகவும் பயன்படுகிறது. இதனால் வண்டியின் எடை குறைகிறது. ஆனால் தரைத்தகடு, கதவுகளுக்குக் கீழே ஓடும் விளிம்புப்பெட்டி, சக்கர வளைவு ஆகியவற்றில் துரு ஏறினால் அழகு மட்டுமன்றி வண்டியின் வலிமையும் குறைகிறது. இருக்கைகளும் இருக்கைப் பட்டைகளும் இத்தகடுகளிலேயே பிணைக்கப்பட்டுள்ளன என்பது கவனிக்கத்தக்கது.

சிறுசேரிக் கடலோரச் சூழல்

சிறுசேரி, பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டி, சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா அமைந்துள்ள ஊராகும். ஊருக்குக் கிழக்கே பக்கிங்காம் கால்வாயும் அதற்கப்பால் வங்காள விரிகுடாவும் உள்ளன. கோடைக்காலப் பிற்பகல்களில் கடற்காற்று நிலத்தை நோக்கி வீசுகிறது. அலைகள் உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் இக்காற்றில் கலந்து வருகின்றன. கரையிலிருந்து விலகுந்தோறும் உப்பின் அளவு விரைவாகக் குறையும். ஆகையால் கோவளம், மாமல்லபுரம் கடற்கரைகளில் நிற்கும் வண்டிக்கு ஏற்படும் பாதிப்பு சிறுசேரியில் நிற்கும் வண்டியைவிட மிகுதியாகும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அடிக்கடி செல்லும் வண்டிகளுக்கும் இது பொருந்தும்.

இரும்பு துருப்பிடிக்க நீரும் உயிர்வளியும் தேவை. உப்பு அந்நீரை மின்கடத்தியாக்கி வேதிவினையை விரைவுபடுத்துகிறது. மேலும் உப்பு ஈரத்தை ஈர்க்கும் தன்மையது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது சோடியம் குளோரைடு தானே நீரை ஈர்த்துக் கரைகிறது. கடலுப்பில் உள்ள மக்னீசியம் குளோரைடு அதனினும் குறைந்த ஈரப்பதத்திலேயே கரையும். எனவே மழை பெய்யாத நாள்களிலும், உப்புப் படிந்த தகட்டின்மீது கண்ணுக்குப் புலப்படாத நீர்ப்படலம் நிலவக்கூடும்.

துருத் தடுப்பு

கழுவுதல்

கடற்கரைக்குச் சென்று திரும்பிய வண்டியை அன்றே நன்னீரால் கழுவுதல் நன்று. மேற்பரப்பைவிடச் சக்கர வளைவுகளின் உட்புறமும் அடிப்பகுதியும் முதன்மையானவை. கடலோர ஊர்கள் பலவற்றில் ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பாக உள்ளது. அந்நீரால் கழுவித் துடைக்காமல் விட்டால், காய்ந்தபின் வண்டியில் மேலும் உப்பே எஞ்சும். நன்னீர் குறைவாக உள்ள இடங்களில் ஒரு வாளி நன்னீரால் இறுதியாக அலசித் துணியால் ஒற்றி எடுப்பது போதுமானது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சேகரிக்கும் மழைநீர் இதற்கு மிகவும் ஏற்றது.

வடிதுளைகள்

கதவுக் கண்ணாடி வழியாக இறங்கும் மழைநீர் கதவின் உள்ளே சென்று, அடிவிளிம்பிலுள்ள சிறு துளைகள் வழியாக வெளியேறும் வகையில் வண்டி அமைக்கப்பட்டுள்ளது. தூசியும் இலைச்சருகும் இத்துளைகளை அடைத்துவிட்டால் நீர் கதவுக்குள்ளேயே தேங்கி, தகட்டை உள்ளிருந்து அரிக்கும். வெளிவண்ணம் கொப்புளிக்கத் தொடங்கும்போது உட்புறம் பெரும்பாலும் ஓட்டையாகியிருக்கும். கதவுகள், விளிம்புப்பெட்டிகள், முன்கண்ணாடிக்குக் கீழுள்ள நீர்வழி ஆகியவற்றின் துளைகளை மழைக்காலத்துக்கு முன்பும் பின்பும் வளையும் கம்பியாலோ ஈர்க்குச்சியாலோ குத்திவிடுதல் வேண்டும். செலவே இல்லாத இச்சிறு பணி, கடலோர வண்டிக்கு மிகுந்த பயன் தருவதாகும்.

தரைவிரிப்பு

தரைவிரிப்பு நனைந்தால் மேற்பரப்பு காய்ந்த பின்னரும் அடியில் ஈரம் பல நாள்கள் தங்கும். விரிப்பை வெளியே எடுத்து வெயிலில் உலர்த்தி, தரைத்தகட்டையும் துடைக்க வேண்டும். நீண்டகாலம் நிறுத்தும் வண்டியை நெகிழித்தாளால் இறுக மூடுவது ஈரத்தை உள்ளே சிறைப்படுத்தும். காற்றோட்டமுள்ள கூரையின்கீழ் திறந்தபடி நிறுத்துவதே மேலானது.

துருவை நீக்குதல்

சிறிய அளவில் தோன்றிய மேற்பரப்புத் துருவைப் பின்வருமாறு நீக்கலாம்.

1. அவ்விடத்தை நன்னீரால் பலமுறை அலசி உலர்த்த வேண்டும். துருவினுள் ஒளிந்துள்ள உப்பைத் தேய்ப்பு மட்டும் அகற்றாது.
2. கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் பளபளப்பான உலோகம் தெரியும்வரை தேய்க்க வேண்டும்.
3. குழிகளில் எஞ்சும் துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றியைப் பூசலாம். கையுறையும் கண்ணாடியும் அணிதல் இன்றியமையாதது.
4. உலர்ந்தவுடன், அன்றே, ரெட் ஆக்சைடு போன்ற முதற்பூச்சு அடிக்க வேண்டும். கடற்காற்றில் வெற்றுத்தகடு ஓரிரவிலேயே மீண்டும் துருப்பிடிக்கும்.
5. அதன்மேல் வண்ணப்பூச்சு அடித்து முடிக்க வேண்டும்.

துருவின்மீதே நேரடியாகக் கரிய அடிப்பூச்சு பூசுவது தவறான வழக்கம். அது ஈரத்தை உள்ளே அடைத்து அரிப்பை மறைக்கிறது. பழைய பொறியெண்ணெயை அடிப்பகுதியில் பூசும் வழக்கமும் தவிர்க்கத்தக்கது. அதில் எரிதலின்போது சேர்ந்த அமிலப்பொருள்கள் உள்ளன. அது இரப்பர்ப் பாகங்களைக் கெடுப்பதோடு மழையில் கரைந்தோடி மண்ணையும் நீரையும் மாசுபடுத்தும்.

சந்தேகமுள்ள இடங்களைத் திருப்புளியின் கைப்பிடியால் மெல்லத் தட்டிப் பார்க்கலாம். நல்ல தகடு கணீரென ஒலிக்கும். உளுத்த தகடு மந்தமாக ஒலிக்கும் அல்லது நொறுங்கும். தரைத்தகடு, விளிம்புப்பெட்டி, இருக்கைப்பட்டை பிணைந்துள்ள இடம் ஆகியவற்றில் ஓட்டை இருப்பின் பட்டி பூசி மறைத்தல் ஆகாது. பட்டிக்குத் தாங்கும் வலிமை இல்லை. டிங்கரிங் பட்டறையில் பழுதான பகுதியை வெட்டி நீக்கிப் புதுத்தகடு பற்றவைப்பதே முறையாகும்.

பொறிப் பராமரிப்பு

பொறியெண்ணெய்

சமதரையில் வண்டியை நிறுத்தி, பொறியை அணைத்துச் சில நிமிடங்கள் கழித்து அளவுக்கம்பியால் எண்ணெயின் அளவை வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். அளவு இரு குறிகளுக்கும் இடையே இருத்தல் வேண்டும். தாது எண்ணெயைப் பயன்படுத்தும் பழைய வண்டிகளில் 5,000 கி.மீ. ஓட்டத்துக்கு ஒருமுறை எண்ணெயையும் எண்ணெய் வடிகட்டியையும் மாற்றுவது பொது வழக்கம். குறைவாக ஓடும் வண்டிகளில் தூரத்தைக் கருதாது ஆண்டுக்கு ஒருமுறையேனும் மாற்றுதல் நன்று. சிறுதொலைவுப் பயணங்களில் பொறி முழுமையாகச் சூடேறாததால் எண்ணெயில் ஈரம் சேர்வதே இதற்குக் காரணம்.

குளிர்விப்பு

ரேடியேட்டரில் உவர்நீரையோ குழாய்நீரையோ ஊற்றுதல் கூடாது. அவற்றிலுள்ள உப்புகள் குழாய்களில் படிந்து அடைப்பையும் அரிப்பையும் உண்டாக்கும். எத்திலீன் கிளைக்கால் அடங்கிய கூலண்டையும் காய்ச்சி வடித்த நீரையும் கலந்து ஊற்ற வேண்டும். இக்கலவை பனி உறைவைத் தடுப்பதற்கு மட்டும் உரியதன்று. கொதிநிலையை உயர்த்தி, துருவையும் தடுப்பதால் வெப்பநாடுகளுக்கும் ஏற்றது. சூடான பொறியின் ரேடியேட்டர் மூடியைத் திறத்தல் ஆபத்தானது. அழுத்தம் நீங்கியதும் கொதிநீர் பீறிட்டெழுந்து முகத்தையும் கைகளையும் சுட்டுவிடும். கூலண்ட் இனிப்புச்சுவை உடைய நஞ்சாதலால் குழந்தைகளுக்கும் கால்நடைகளுக்கும் எட்டாதவாறு வைத்தல் வேண்டும்.

மின்கலமும் மின்னிணைப்புகளும்

நன்கு மின்னேற்றப்பட்ட 12 வோல்ட் மின்கலம் ஓய்வில் சுமார் 12.6 வோல்ட்டும், பொறி ஓடும்போது ஏறத்தாழ 13.8 முதல் 14.5 வோல்ட்டும் காட்டும். ஓடும்போதும் அளவு உயராவிடில் ஆல்ட்டர்னேட்டரையும் அதன் பெல்ட்டையும் சோதிக்க வேண்டும். கடலோரத்தில் மின்முனைகளில் வெண்பச்சை நிறப் படிவு விரைவில் உண்டாகிறது. வெந்நீரில் கரைத்த சமையல் சோடாவால் அதைக் கழுவி உலர்த்தி, வாசலின் தடவலாம். கழற்றும்போது எதிர்முனையை முதலிலும் பொருத்தும்போது இறுதியிலும் கையாள வேண்டும்.

முகப்பு விளக்கு மங்குதல், விளக்கு எரியும்போது வேறொன்று அணைதல் போன்ற குறைகளுக்குப் பெரும்பாலும் உடலோடு பிணைந்த எர்த் இணைப்பின் துருவே காரணம். புதுப்பாகம் வாங்குமுன் அந்தத் திருகைக் கழற்றித் தகட்டைத் தேய்த்துப் பொருத்திப் பார்த்தல் வேண்டும்.

தீப்பொறியும் காற்றும்

மூன்று ஸ்பார்க் பிளக்குகளின் முனை நிறம் பொறியின் நிலையைக் காட்டும். இளம்பழுப்பு நிறம் நல்ல எரிதலுக்கு அடையாளம். உலர்ந்த கரி எரிபொருள் மிகுதியையும், எண்ணெய்ப் பிசுக்கு உருளைக்குள் எண்ணெய் கசிவதையும் உணர்த்தும். பழைய வண்டிகளில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறம் ஈரம் படிந்தால் மழைநாளில் வண்டி கிளம்பாது. மூடியைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பிளக் வயர்களை ஒவ்வொன்றாகவே கழற்ற வேண்டும். இடம் மாறினால் எரிவரிசை குலையும். காற்று வடிகட்டியைத் தட்டித் தூசி அகற்றலாம். கறுத்துவிட்டால் மாற்ற வேண்டும்.

எரிபொருள்

2025இல் இந்தியா பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் நிலையை எட்டியது. மாருதி 800 இக்கலவைக்காக வடிவமைக்கப்பட்டதன்று. எத்தனால் பழைய இரப்பரைத் தளரச்செய்யக்கூடியது. நீரையும் ஈர்க்கும் தன்மையது. எனவே பல ஆண்டுகளான எரிபொருள் இரப்பர்க் குழாய்களை எத்தனாலைத் தாங்கும் புதிய குழாய்களாக மாற்றுதல் வேண்டும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் கார்புரேட்டரின் கிண்ணத்தில் பிசுக்கும் நீரும் சேரும். பெட்ரோல் வாடை அடித்தால் வண்டியைக் கிளப்பாமல் கசிவைக் கண்டறிந்து நீக்க வேண்டும்.

பிரேக்கும் வடங்களும்

பிரேக்கு நீர்மம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்தால் அதன் கொதிநிலை குறைவதோடு குழாய்களும் உள்ளிருந்து துருப்பிடிக்கும். இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றுவது பொதுப் பரிந்துரை. இந்நீர்மம் வண்ணப்பூச்சைக் கரைக்கும். சிந்தினால் உடனே நீரால் கழுவ வேண்டும். அதன் அளவு குறைவதைக் கண்காணிப்பது உரிமையாளரின் வேலை. அளவு திடீரெனக் குறைந்தால் கசிவு உள்ளது என்று பொருள். வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை அழைத்தல் வேண்டும்.

நீண்ட நாள் நிறுத்தும்போது கைப்பிரேக்கை இழுத்து வைத்தால் பின்சக்கர டிரம்மில் பிரேக்கு ஒட்டிக்கொள்ளலாம். சமதரையில் முதல் கியரில் நிறுத்திச் சக்கரங்களுக்குக் கல் முட்டுக்கொடுப்பது நல்லது.

புகையின் நிறம்

* நீலப்புகை: பொறியெண்ணெய் எரிகிறது.
* கரும்புகை: எரிபொருள் மிகுதி, காற்று வடிகட்டி, சோக், கார்புரேட்டர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.
* காலையில் சிறிது நேரம் தோன்றி மறையும் வெண்ணிற ஆவி: குழாயில் தங்கிய ஈரம், இயல்பானது.
* தொடரும் வெண்புகை, கூலண்ட் குறைதல்: உருளைத்தலைக் கேஸ்கெட் பழுதாகியிருக்கலாம்.

வெள்ளத்துக்குப் பின்

2015 திசம்பர் பெருமழையிலும் 2023 திசம்பரில் மிக்சாங் புயலின்போதும் சென்னையிலும் அதன் தென்புறநகர்ப் பகுதிகளிலும் வண்டிகள் பல நீரில் மூழ்கின. மூழ்கிய வண்டியின் சாவியைத் திருப்புதல் கூடாது. உருளைக்குள் நீர் புகுந்திருந்தால், நீர் அமுங்காததால் பிஸ்டனின் இணைப்புத்தண்டு வளைந்துவிடும். சில ஆயிரம் உரூபாயில் முடியவேண்டிய பழுது பொறியையே மாற்றும் அளவுக்கு வளர்வது இந்த ஒரு செயலால்தான்.

முதலில் மின்கலத்தின் எதிர்முனையைக் கழற்ற வேண்டும். அளவுக்கம்பியில் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளது. காற்று வடிகட்டி நனைந்திருந்தால் நீர் உருளை வரை சென்றிருக்கக்கூடும். எண்ணெயை வடித்து, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, பொறியைக் கையால் மெல்லச் சுழற்றி நீரை வெளியேற்றிய பின்னரே மின்சாரத்தால் இயக்க வேண்டும். பழக்கமில்லாதோர் வண்டியை இழுத்துச் சென்று பட்டறையில் விடுவதே தக்கது.

பாதுகாப்பு

ஜாக்கியால் மட்டும் தூக்கிய வண்டிக்கு அடியில் உடலின் எப்பகுதியையும் நுழைத்தல் கூடாது. வண்டியுடன் வரும் ஜாக்கி சக்கரம் மாற்றுவதற்கு மட்டுமே உரியது. அதைப் பொருத்தும் இடம் விளிம்புப்பெட்டியின் அடிமடிப்பாகும். கடலோர வண்டிகளில் முதலில் உளுப்பதும் அவ்விடமே. தகடு மடங்கினால் வண்டி சரியும். செங்கல்லும் வெற்று ஹாலோ பிளாக்கும் திடீரென நொறுங்கக்கூடியவை. அடியில் வேலை செய்யக் கெட்டித்தரையில் உலோக ஜாக்கி ஸ்டாண்டுகளை வைத்து, தரையில் உள்ள சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்தல் வேண்டும்.

மூடிய கொட்டகையில் பொறியை ஓடவிட்டால் நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு சேர்ந்து உயிரைப் பறிக்கும். பெட்ரோல் கையாளுமிடத்திலும் மின்னேற்றம் நடக்குமிடத்திலும் தீக்கு இடமளித்தல் கூடாது.

மெக்கானிக்கிடம் விடவேண்டியவை

பிரேக்குச் சிலிண்டர்கள், டைமிங் பெல்ட், ஸ்டியரிங் இணைப்புகள், முன்சக்கர அதிர்வுத்தாங்கியின் சுருள்வில், பெட்ரோல் தொட்டிக்கு அருகில் பற்றவைத்தல் ஆகியவை பயிற்சியும் தனிக்கருவிகளும் வேண்டும் வேலைகளாகும். அமுங்கிய சுருள்வில் தவறி விடுபட்டால் கடுங்காயம் விளைவிக்கும்.

சென்னைப் புதுப்பேட்டையில் பழைய பாகங்களும் ஜெனரல் பாட்டர்ஸ் சாலையில் புதிய பாகங்களும் விற்கப்படுகின்றன. கதவு, கண்ணாடி, விளக்குக் கூடு போன்றவற்றைப் பழையனவாக வாங்கலாம். பிரேக்கு, டயர், ஸ்டியரிங் பாகங்களைப் புதியனவாகவே வாங்க வேண்டும்.

கழிவுகள்

பழைய எண்ணெயைக் கால்வாயிலோ மண்ணிலோ ஊற்றுதல் கூடாது. சிறுசேரிக்குக் கிழக்கேயுள்ள பக்கிங்காம் கால்வாய் முட்டுக்காட்டு உப்பங்கழியோடு தொடர்புடையது. நீரின்மேல் படரும் எண்ணெய்ப்படலம் மீன்களுக்கும் பறவைகளுக்கும் கேடு பயக்கும். எண்ணெயை மூடிய கலனில் சேர்த்து, மறுசுழற்சிக்கு அனுப்பும் பட்டறையில் ஒப்படைக்கலாம். ஈயமும் அமிலமும் கொண்ட பழைய மின்கலத்தைப் புதியது வாங்கும் கடையிலேயே திருப்பித் தரலாம்.

சட்ட நிலை

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி தனியார் மகிழுந்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் ஆய்வுக்கு உட்படுத்தி ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். பாரத் 4 தரத்துக்கு முந்தைய வண்டிகளுக்குப் புகைச்சான்று ஆறு மாதங்களுக்கு ஒருமுறை பெறப்பட வேண்டும். தமிழகத்தில் 15 ஆண்டு கடந்த வண்டிகளுக்குப் பசுமை வரியும் உண்டு.

உற்பத்தி முடிந்த 2014இல் பதிவான வண்டிகளும் 2029இல் 15 ஆண்டுகளை நிறைவு செய்யும். அதன்பின் எஞ்சும் ஒவ்வொரு மாருதி 800உம் புதுப்பித்தல் ஆய்வில் தேறியே சாலையில் ஓட இயலும். அவ்வாய்வுக்குக் கொண்டுசெல்லுமுன் பிரேக்கு, விளக்குகள், டயர்கள், புகை ஆகியவற்றோடு தரைத்தகட்டின் நிலையையும் உரிமையாளர் விரிப்பைத் தூக்கிப் பார்த்துக்கொள்ளுதல் நன்று.